பதின்வயது வாசகியின் புகார்: எஸ். இ. ஹின்டனும் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலும்

ஆங்கிலப் பதிப்புலகில் இளையோர் புனைகதை இன்று ஒரு தனி வகை. புத்தகக் கடைகளில் அதற்குத் தனி அலமாரி உண்டு, தனிப் பரிசுகள் உண்டு, தனி நூலகர்களும் உண்டு. அதைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் மட்டும் பெரும்பாலும் பெரியவர்களே. ஆசிரியர்கள், நூலகர்கள், பதிப்பாளர்கள், கவலைப்படும் பெற்றோர் என்று எல்லோரும் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்நூல்கள் யாருக்காக எழுதப்படுகின்றனவோ அந்த வயதுக்காரர் ஒருவர் எழுந்து, எங்களுக்கென்று எழுதப்படுபவை எங்களைப் பற்றியவை அல்ல என்று சொல்வது அரிது. சொன்னதோடு நில்லாமல், சரியான புத்தகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதியும் காட்டுவது அதைவிட அரிது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்னும் நகரில் 1948இல் பிறந்த சூசன் எலோயிஸ் ஹின்டன் இரண்டையும் செய்தார். தம் 15ஆம் வயதில் ஒரு கதையைத் தொடங்கி, 16ஆம் வயதில் பள்ளியில் படித்துக்கொண்டே அதில் பெரும்பகுதியை எழுதினார். அது 'தி அவுட்சைடர்ஸ்' என்ற பெயரில் 1967 ஏப்ரலில் வைக்கிங் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் நூல் மதிப்புரைப் பகுதியில், இளையோருக்கான புத்தகங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரையும் எழுதினார். அக்கட்டுரையையும் நாவலையும் அருகருகே வைத்துப் படிப்பதே இங்கு நோக்கம். கட்டுரையில் அவர் கேட்டதை நாவல் கொடுக்கிறதா என்பது கேள்வி. என் விடை பாதி ஆம், பாதி இல்லை. அந்த இல்லை என்னும் பாதிதான் நாவலை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்றைய அலமாரி

ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோது அவர் வயதினருக்கென்று புத்தகங்களே இல்லை என்று கூற முடியாது. மோரீன் டேலியின் 'செவன்டீன்த் சம்மர்' 1942இலேயே வந்துவிட்டது. ஒரு கோடைக்காலக் காதலைச் சொல்லும் அந்நாவலை டேலி கல்லூரியில் படிக்கும்போது எழுதினார். அதன் வெற்றிக்குப் பின் பெண்களுக்கென்று நடன விருந்துக் கதைகள், பையன்களுக்கென்று கால்பந்து வீரக் கதைகள், இருவருக்கும் பொதுவாகக் குதிரைக் கதைகள் என்று வரிசையாக வந்தன. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' 1951இல் வந்ததுதான். ஆனால் அது பெரியவர்களுக்காக வெளியிடப்பட்ட புத்தகம், பிள்ளைகள் தாமாகவே அதை எடுத்துக்கொண்டார்கள்.

குதிரைக் கதைகளை எல்லாம் படித்து முடித்துவிட்டதாகவும், பெரியவர்களின் புத்தகங்களுக்குத் தாம் இன்னும் தயாராகவில்லை என்றும், இடையில் படிக்க ஒன்றும் இல்லாததால்தான் எழுத உட்கார்ந்ததாகவும் ஹின்டன் பிற்காலப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். இந்த இடைவெளி தமிழில் படித்து வளர்ந்த நம்மில் பலருக்குத் தெரிந்ததே. அம்புலிமாமாவையும் கோகுலத்தையும் விட்ட கை நேராக சுஜாதாவிலோ ராஜேஷ்குமாரிலோ போய் விழுந்தது. நடுவில் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று நாம் யாரிடமும் புகார் செய்யவில்லை. ஹின்டன் செய்தார்.

எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. திரைப்படம் பார்த்துவிட்டு நடந்து வந்த அவருடைய நண்பன் ஒருவனை வசதியான வீட்டுப் பையன்கள் வழியில் மடக்கி அடித்தார்கள். அந்தக் கோபத்தில் எழுத ஆரம்பித்ததாக அவர் சொல்கிறார். அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய தந்தை மூளைக் கட்டியால் இறந்துகொண்டிருந்தார். அதே ஆண்டு படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பெண் 'டி'. வேடிக்கைக்காக இதைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. வீட்டில் ஒருவர் இறந்துகொண்டிருக்கும்போது கதைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்கு வகுப்புப் பாடத்தில் வேறென்ன மதிப்பெண் கிடைக்கும்?

கட்டுரை சொல்வது

1967 ஆகஸ்ட் 27ஆம் தேதி வெளியான அக்கட்டுரை மிகச் சிறியது. தொனி துடுக்கானது. அதில் இருக்கும் புகார்களைத் திரட்டிச் சொன்னால் இப்படி வரும். இன்றைய இளையோர் இன்றைய இளையோரைப் பற்றிப் படிக்க விரும்புகிறார்கள். எழுதுவோரோ 15 ஆண்டு பின்தங்கி நிற்கிறார்கள். காதல்தான் இன்னும் முதலிடம், குதிரையும் அதை நேசித்த பெண்ணும் இரண்டாமிடம். டிரைவ்-இன் திரையரங்குகளில் நடக்கும் சமூகப் போட்டி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெற்றோர் தெய்வங்கள் அல்லர் என்பதும், நீதி எப்போதும் வெல்வதில்லை என்பதும், சில சமயம் கெட்டவர்களே ஜெயிக்கிறார்கள் என்பதும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே மறைப்பதில் பயனில்லை.

வன்முறை பற்றி அவர் கூறுவது இன்னும் கூர்மையானது. சிறு குழந்தைகளைத் தொலைக்காட்சி முன் மணிக்கணக்கில் உட்காரவைத்து அங்கே வரும் அடிதடியை எல்லாம் பார்க்கவிடும் பெரியவர்கள், பிள்ளைகளுக்கான புத்தகத்தில் ஒரு கைகலப்பு வந்தால் மட்டும் கூச்சலிடுகிறார்கள் என்கிறார். அதிர்ச்சிக்காக மட்டும் சேர்க்கப்படும் வன்முறையைத்தான் எதிர்க்க வேண்டும் என்று ஒரு கோடும் போடுகிறார். புத்தகங்கள் இரத்தக்களரியாகவும் இருக்க வேண்டாம், நடன விருந்துகளின் தேவதை உலகமாகவும் இருக்க வேண்டாம் என்பது அவர் கேட்பது.

இதை எழுதும்போது அவருக்கு 19 வயது. 'நாங்கள்' என்று பேசும் உரிமை அவருக்கு ஓராண்டுக்குள் காலாவதியாகப் போகிறது. கட்டுரையின் அவசரம் அங்கிருந்து வருவது போல் எனக்குத் தோன்றும். அதன் பலவீனமும் அங்கேதான். இளையோர் என்ற சொல்லை அவர் ஒரே ஆளைக் குறிப்பது போல் பயன்படுத்துகிறார். டல்சாவின் ஒரு பள்ளியில் ஒரு பெண் கண்டது எல்லா இளையோரும் கண்டதாக மாறிவிடுகிறது. காதல் கதைகளை அவர் ஒதுக்கித் தள்ளும் வேகத்தில், அவற்றை விரும்பிப் படித்த தம் வயதுப் பெண்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதும் சேர்ந்து ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

நாவல்

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பையன்கள். நீளமாக வளர்த்து எண்ணெய் பூசி வாரிய முடியால் கிரீசர்கள் என்று பெயர் பெற்றவர்கள். மேற்குப் பகுதியில் பணக்காரப் பையன்கள், அவர்கள் சோஷ்கள். ஆங்கிலப் பதிப்பில் இச்சொல்லைப் பார்த்து வெகுநாள் 'சாக்ஸ்' என்றே வாசித்துக்கொண்டிருந்தேன், காலுறைக்கு என்ன இவ்வளவு கோபம் என்று. கதை சொல்பவன் 14 வயது போனிபாய். பெற்றோர் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். 20 வயது அண்ணன் டாரியும் 16 வயது அண்ணன் சோடாபாப்பும் அவனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஓர் இரவு பூங்காவில் சோஷ்கள் போனிபாயின் தலையை நீரூற்றுத் தொட்டிக்குள் அமுக்க, அவன் நண்பன் ஜானி மடக்குக்கத்தியால் பாப் என்பவனைக் குத்திக் கொன்றுவிடுகிறான். இருவரும் ஊரைவிட்டு ஓடி, மலைமேல் கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் ஒளிகிறார்கள். அது தீப்பிடித்து எரியும்போது உள்ளே மாட்டிய குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். ஜானி முதுகெலும்பு உடைந்து மருத்துவமனையில் இறக்கிறான். அவனைத் தம்பிபோல் நேசித்த டாலி அன்றிரவே குண்டில்லாத துப்பாக்கியைக் காவலர்கள்முன் நீட்டிச் சுடப்பட்டுச் சாகிறான்.

கதையை இப்படிச் சுருக்கினால் சிரிப்பு வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வாரக் கதையில் ஒரு கொலை, ஒரு தீ, ஒரு வீரச்செயல், ஒரு பெரிய தெருச்சண்டை, இரண்டு மரணம். உண்மையை எழுதுங்கள் என்று பெரியவர்களிடம் சண்டை போட்டவர் எழுதியது இதுவா? குழந்தைகளைத் தீயிலிருந்து தூக்கி வெளியே எறியும் காட்சி எந்தக் குதிரைக் கதைக்கும் குறையாத கற்பனை. இரண்டு தரப்பு, நடுவில் ஒரு பெண், கத்திக்குத்து என்ற அமைப்பு 1961இல் திரைக்கு வந்த 'வெஸ்ட் சைடு ஸ்டோரி'யைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. பையன்கள் சூரியன் மறைவதை நின்று பார்க்கிறார்கள், ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதையை நினைவிலிருந்து சொல்கிறார்கள், அடிக்கடி அழுகிறார்கள்.

முதலில் படித்தபோது எனக்கு 30 வயது ஆகப்போகிறது. இந்த மிகைகளே கண்ணில் பட்டன. மூடி வைத்துவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் அந்த வீடு கண்ணில் பட்டது.

நாவலின் சிறந்த பகுதி தீயும் அல்ல, சண்டையும் அல்ல. மூன்று சகோதரர்கள் இருக்கும் அந்த வீடு. டாரிக்கு விளையாட்டுக்கான கல்லூரி உதவித்தொகை கிடைத்தது. ஆனாலும் மீதிச் செலவுக்குப் பணம் இல்லை, போகவில்லை. இப்போது கூரை போடும் வேலை செய்கிறான். ஒரே நடையில் இரண்டு கட்டுச் சுமை தூக்குகிறான். சோடா படிப்பை விட்டுவிட்டு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கிறான். மூவரும் ஒழுங்காக இருந்தால்தான் சேர்ந்து வாழலாம். ஏதாவது வம்பில் மாட்டினால் இளையவர்களை அரசு சிறுவர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடும். இந்த ஒரு நிபந்தனை வீட்டின் ஒவ்வொரு பேச்சிலும் இருக்கிறது. போனிபாய் பாடத்தில் குறைந்த மதிப்பெண் வாங்குவதும், நேரத்துக்கு வீட்டுக்கு வராததும் வெறும் பிள்ளைக் குறும்பாக இருக்க முடியாமல் போய்விடுகிறது.

ஓர் இரவு போனிபாய் திறந்தவெளியில் தூங்கிப்போய் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறான். டாரி கத்துகிறான். தடுக்க வரும் சோடாவையும் திட்டுகிறான். அதைத் தாங்காமல் போனிபாய் எதிர்த்துப் பேச, டாரி கன்னத்தில் அறைந்துவிடுகிறான். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவனை அடித்ததில்லை. அறைந்த கையை டாரியே பார்த்து நிற்கிறான். தம்பி கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறான். அந்த ஓட்டம் பூங்காவுக்கு, பூங்காவிலிருந்து கொலைக்கு.

20 வயதில் அப்பாவாக வேண்டிவந்த ஒருவனின் பயம், கோபமாக வெளியே வருவதை இந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. தம்பிக்கு அது புரியவில்லை. தன்னை அண்ணனுக்குப் பிடிக்காது என்றே கதையின் பாதிவரை நம்புகிறான். வாசகருக்கோ புரிந்துவிடுகிறது. கதை சொல்பவனுக்குத் தெரியாததை அவன் வாயாலேயே வாசகருக்குத் தெரியவைப்பது எளிய வேலை அல்ல. 16 வயதில் அதைச் செய்திருக்கிறார். பின்னர் மருத்துவமனையில் டாரி அழுவதைப் பார்த்து போனிபாய்க்குப் புரியும்போது, நமக்கு அது செய்தியாக இல்லை, நிம்மதியாக இருக்கிறது. மூத்தவர் குடும்பத்துக்காகப் படிப்பை விட்ட வீடுகளில் பிறந்தவர்களுக்கு இந்தப் பகுதியைப் படிக்க விளக்கம் தேவையில்லை.

தெருச்சண்டை அத்தியாயத்திலும் ஒரு கணம் இதே தரத்தில் இருக்கிறது. சண்டையைத் தொடங்க டாரி முன்னே வருகிறான். எதிர்த்தரப்பிலிருந்து வருபவன் பள்ளியில் அவனோடு ஒரே கால்பந்து அணியில் ஆடியவன். இப்போது கல்லூரியில் படிக்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். டாரியின் கண்ணில் இருப்பது பொறாமை என்பதும், அவன் வெட்கப்படுவது தன் பக்கத்து ஆட்களைப் பார்த்துத்தான் என்பதும் போனிபாய்க்கும் சோடாவுக்கும் மட்டும் தெரிகிறது. வர்க்கம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் வர்க்கத்தைப் பற்றி எழுதப்பட்ட நல்ல அரைப்பக்கம் அது.

முடி பற்றியும் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் ஒளிந்திருக்கும்போது அடையாளம் தெரியாமலிருக்க ஜானி போனிபாயின் முடியை வெட்டி, பெராக்சைடு போட்டு வெளுக்கவைக்கிறான். கொலை நடந்த அதிர்ச்சியைவிட முடி போன துக்கம் போனிபாய்க்குப் பெரிதாக இருக்கிறது. பெரியவர் ஒருவர் இதை எழுதியிருந்தால் நகைச்சுவையாக எழுதியிருப்பார். ஹின்டன் சிரிக்கவில்லை. எண்ணெய் பூசிய தலை ஒரு பக்கம் ஏளனத்துக்கும் மறுபக்கம் பெருமைக்கும் காரணமாக இருப்பது எப்படி என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய் வழியத் தலைவாரிப் பள்ளிக்குப் போய், பிறகு ஏதோ ஒரு வயதில் எண்ணெய் வைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சண்டை போட்டவர்கள்தாமே நாம்.

ஆக, கட்டுரையில் கேட்ட உண்மை நாவலில் நிகழ்ச்சிகளில் இல்லை, உணர்ச்சிகளின் அளவில் இருக்கிறது. 14 வயதில் அண்ணன் அறைந்தால் உலகமே முடிந்தது போலத்தான் இருக்கும். நண்பன் இறந்தால் தானும் இறக்க வேண்டும் போலத்தான் இருக்கும். மிகை என்று நான் ஒதுக்கியது அந்த வயதின் சரியான அளவு. பெரியவர்கள் எழுதும்போது அதைக் குறைத்து எழுதுகிறார்கள், பிறகு புத்திமதி சொல்கிறார்கள். ஹின்டன் குறைக்கவில்லை. ஆனால் இதை வைத்து எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் முடியாது. டாலியின் சாவு அளவோடு பொருந்துகிறது. ஜானி விட்டுச்சென்ற கடிதம் பொருந்தவில்லை. கவிதையின் பொருளை விளக்கி அதிலிருந்து வாழ்க்கைப் பாடமும் சொல்லும் அக்கடிதத்தில் ஜானியின் குரல் இல்லை, வகுப்பறையின் குரல் இருக்கிறது. இன்று சட்டைகளிலும் பைகளிலும் அச்சிடப்படுவதும் அதே கவிதையைத் தொட்டு ஜானி சாகும் தறுவாயில் சொல்லும் வரிதான் என்பது எனக்குச் சற்று வருத்தம்.

முடிவில் ஒரு திருப்பம்: நாம் இதுவரை படித்தது போனிபாய் ஆங்கில வகுப்புக்காக எழுதிய கட்டுரை. தோற்கவிருக்கும் அவனுக்கு, நல்ல கட்டுரை ஒன்று கொடுத்தால் 'சி' போட்டுத் தேர்ச்சி கொடுப்பதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நாவலின் கடைசி வாக்கியம் முதல் வாக்கியமேதான். படைப்பெழுத்தில் 'டி' வாங்கிய பெண் எழுதியது இது என்று தெரிந்தபின் படித்தால் அந்த இடம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

இல்லாதவர்கள்

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் என் வீட்டு அலமாரியிலிருந்து இந்நூலை எடுத்து மூன்று நாளில் முடித்தாள். அழுதிருந்தாள் என்பது தெரிந்தது. பிடித்ததா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா எழுதுனது ஒரு பொண்ணுன்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணு இதுல எங்க இருக்கா?" என்றாள்.

இந்த நூலைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அது. நாவலில் முக்கியமாகப் பேசும் பெண் என்று ஒருத்தியே இருக்கிறாள், செரி வாலன்ஸ் என்னும் சோஷ் பெண். டிரைவ்-இன் திரையரங்கில் போனிபாயோடு அவள் பேசும் காட்சி நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூட வராந்தாவில் உன்னைப் பார்த்தால் நான் பேசாமல் போகக்கூடும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிடுவது, எந்தச் சண்டையையும்விட அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஆனால் அதன்பின் அவள் இரு தரப்புக்கும் இடையே செய்தி கொண்டுவருபவளாகச் சுருங்கிவிடுகிறாள். சோடாவின் காதலி சாண்டி ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். அவளுக்கு எழுதிய கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வருகிறது. அவள் பக்கத்துக் கதை நமக்குக் கிடைப்பதே இல்லை. கிரீசர் பெண்களைப் பற்றி போனிபாய் பேசுவதெல்லாம் ஏளனம்.

இதற்கு ஹின்டன் விளக்கம் தந்திருக்கிறார். அக்காலத்தில் பெண்கள் காத்திருப்பதையும் தலை அலங்காரம் செய்துகொள்வதையும் தவிர வேறெதுவும் செய்ய விடப்படவில்லை. தம் நண்பர்கள் பெரும்பாலும் பையன்களே. ஒரு பெண் இதையெல்லாம் செய்தாள் என்று எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். விளக்கம் நேர்மையானது. ஆண் மதிப்புரையாளர்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்று பதிப்பகம் அவர் பெயரையே எஸ். இ. என்ற இரண்டு எழுத்தாக்கியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அட்டையிலும் பெண் இல்லை, உள்ளேயும் இல்லை. இளையோர் உலகை உள்ளபடி எழுதுங்கள் என்று கேட்டவர், அந்த உலகத்தில் தாம் நின்ற இடத்தையே வெட்டிவிட்டுத்தான் எழுத முடிந்தது.

இன்னொரு இன்மையும் உண்டு. நாவலில் ஊரின் பெயர் சொல்லப்படவில்லை. அது டல்சா என்பது ஆசிரியர் வாயிலாகவே தெரிந்தது. அந்த நகரில்தான் 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் கறுப்பின மக்கள் செழிப்பாக வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்து அழித்தது. பல பத்தாண்டுகள் அதைப் பற்றி அந்நகரில் வெளிப்படையாகப் பேச்சே இல்லை. கிழக்கு, மேற்கு என்று ஊரையே இரண்டாகப் பிரித்துக் காட்டும் நாவலில், வடக்கே இருந்த கிரீன்வுட் இல்லை. 16 வயதுப் பெண்ணை இதற்காகக் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. சொல்லப்படாத வரலாறு அவருக்கும் சொல்லப்பட்டிருக்காது. ஆனால் வெளியே நிற்பவர்கள் என்று தலைப்பு வைத்த நூலில் அதற்கும் வெளியே ஆட்கள் இருந்தார்கள் என்பதை இன்று படிப்பவர் அறிந்துகொண்டு படிப்பது நல்லது.

பின்னர்

முதலில் நாவல் மெதுவாகத்தான் விற்றது. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தத் தொடங்கியபின் வேகம் பிடித்தது. இன்று விற்பனை 1 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. சில பள்ளிகளில் கும்பல் சண்டை, குடி, புகை, சிதைந்த குடும்பங்கள் ஆகியவற்றைக் காரணம் காட்டி எதிர்ப்பும் வந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஒரு பள்ளி மாணவர்கள் தங்கள் நூலகரோடு சேர்ந்து, இதைப் படமாக எடுங்கள் என்று இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்குக் கையெழுத்திட்டு எழுதினார்கள். படம் 1983இல் வந்தது. இந்நாவலின் கதையில் இளைய வாசகர்கள் இரண்டாவது முறையாகத் தாமே நேரடியாகத் தலையிட்ட இடம் இது. நாடக மேடைக்கும் போய், 2024இல் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது.

திறந்த வழியில் மற்றவர்கள் வந்தார்கள். பால் ஜிண்டலின் 'தி பிக்மேன்' 1968இலும், ராபர்ட் கார்மியரின் 'தி சாக்லேட் வார்' 1974இலும், ஜூடி ப்ளூமின் 'ஃபாரெவர்' 1975இலும் வந்தன. கார்மியரின் நூலில் கெட்டவர்களே ஜெயிக்கிறார்கள். ஹின்டன் கட்டுரையில் கேட்டதை அவரைவிடத் துணிவாகச் செய்தவர் கார்மியர்தான். மூவருமே பெரியவர்கள். ஹின்டனுக்கோ முதல் நூலின் புகழுக்குப்பின் எழுத்து அடைத்துக்கொண்டது. பின்னாளில் கணவரான நண்பர், ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதினால்தான் வெளியே அழைத்துப்போவேன் என்று நெருக்கி எழுதவைத்த 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்' 1971இல் வந்தது. வாக்கிய அளவில் அது முதல் நூலைவிடச் செம்மையானது, மனத்தில் அவ்வளவு நிற்பதில்லை.

2016இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஜானிக்கும் டாலிக்கும் இடையே இருந்தது காதலா என்று இளைய வாசகர் ஒருவர் ட்விட்டரில் கேட்டார். இல்லை, நான் அப்படி எழுதவில்லை என்று ஹின்டன் மறுத்தார். எங்களைப் போன்றவர்களை எந்தப் புத்தகத்திலும் காணாததால்தான் இதில் தேடுகிறோம் என்ற பொருளில் பலர் எதிர்வாதம் செய்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிரியராக அவர் சொன்னது அவருடைய உரிமை. தாம் எழுதாததை எழுதியதாக ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆனால் அலமாரியில் நாங்கள் இல்லையே என்ற அந்த வாதம் 1967 ஆகஸ்டில் அச்சான ஒரு சிறு கட்டுரையின் வாதமேதான். இந்த முறை மேசையின் மறுபுறம் 68 வயதில் அவர் இருந்தார்.

அக்கா மகள் இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். போன மாதம் தொலைபேசியில், செரி வாலன்ஸ் அந்த இரவு வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று தான் எழுதிப் பார்ப்பதாகச் சொன்னாள். எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்க மாமா" என்று வைத்துவிட்டாள்.